புளிப்பை அளந்த நோன்பு மாதம்

நோன்பு பிடித்தால் கண் மங்கும், கை நடுங்கும் என்று என் முகத்துக்கு நேரே ஒருவர் சொன்னார். சொன்னவர் என் வாப்பாவைவிட மூத்தவர், எனக்கு முதல் வேலை தந்தவர், அதுவரை என்னிடம் ஒரு கடுஞ்சொல் பேசாதவர். வேறு யாராவது சொல்லியிருந்தால் அந்த இடத்திலேயே நாலு வார்த்தை திருப்பிக் கொடுத்துவிட்டு மறந்திருப்பேன். அவர் சொன்னதால் திருப்பிக் கொடுக்கவும் முடியவில்லை, மறக்கவும் முடியவில்லை. அந்தக் கோபத்தை வைத்துக்கொண்டு நான் என்ன செய்தேன் என்பதைத்தான் எழுதப்போகிறேன்.

நாட்டில் சண்டை முடிந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. தொண்ணூறில் முஸ்லிம்களை வெளியேற்றியபோது எங்கள் குடும்பத்தோடு மன்னாரிலிருந்து வந்தவர்களில் சிலர் திரும்பிப் போய்க்கொண்டிருந்தார்கள். எங்கள் வீட்டில் உம்மாவும் வாப்பாவும் போவதா இருப்பதா என்று சோறு தின்னும் நேரமெல்லாம் கதைத்தார்கள், கை கழுவியதும் அந்தப் பேச்சை விட்டுவிட்டார்கள். நான் புத்தளத்தில் பிறந்தவள், எனக்கு அந்தக் கேள்வியே இல்லை. எனக்கிருந்த கேள்வி வேறு. உயர்தரப் பரீட்சையில் இரசாயனவியலில் நல்ல பெறுபேறு, மற்ற இரண்டு பாடங்களிலும் சறுக்கல். பல்கலைக்கழகம் கை நழுவிவிட்டது. படித்த இரசாயனவியலை என்ன செய்வது? தையல் மெஷினுக்கு எண்ணெய் விடவா?

அப்போதுதான் மதுரங்குளிச் சந்தியிலிருந்து உப்பு ஏரியான களப்புப் பக்கம் திரும்பும் பாதையில் இருந்த ஒரு சின்னச் சோடாக் கம்பனியில் ஆய்வுகூடத்துக்கு ஆள் தேவை என்று கேள்விப்பட்டேன். ஆய்வுகூடம் என்றதும் வெள்ளைக் கோட்டும் கண்ணாடிக் கதவும் என் கண்ணில் வந்து போயின. போய்ப் பார்த்தால் சோடாவுக்குச் சீனிப் பாணி காய்ச்சும் அறைக்குப் பின்னால் ஒரு சின்ன அறை. ஒரு மேசை, இரண்டு கதிரை, கதவு சரியாக மூடாத ஓர் அலுமாரி, ஒரு காஸ் அடுப்பு, தேத்தண்ணீருக்கு ஒரு கேத்தல். ஆனால் மேசையின் நடுவில் தாங்கியில் நிமிர்ந்து நின்றது ஓர் அளவி, அளவுக் கோடு போட்டு அடியில் திருகு குழாய் வைத்த நீளக் கண்ணாடிக் குழல். பள்ளிக்கூடத்தில் வகுப்பு முழுவதற்கும் ஒன்றோ இரண்டோ இருக்கும், ஆசிரியர் தொடவிடமாட்டார், தூர நின்று பார்க்கவேண்டும். இங்கே அது எனக்கே எனக்கு. அந்த நிமிஷமே இந்த வேலையை விடமாட்டேன் என்று முடிவு செய்துவிட்டேன்.

வேலைக்கு எடுத்தவர் அங்கே தரப் பொறுப்பாளராக இருந்தவர். எல்லோரும் அவரை ஐயா என்ற மரியாதையில் 'சேர்' என்றுதான் அழைப்பார்கள், நானும் அப்படியே எழுதுகிறேன். சிலாபம் பக்கத்துக் கத்தோலிக்கர். சிங்களத்தில் கணக்குப் போடுவார், தமிழில் ஏசுவார், இரண்டிலும் பகிடி விடுவார். அவருடைய ஒரு கண்ணில் வெண்படலம் விழுந்து நிறங்கள் சரியாகத் தெரியாமல் போய்விட்டது. அதனால்தான் ஆள் தேடினார். "எனக்கு மூளை வேணாம் தங்கச்சி, அது என்னட்ட இருக்கு. எனக்குக் கண்தான் வேணும்" என்றார் முதல் நாளே. என்னை நிரந்தரமாக்குவதா என்பது நோன்புப் பெருநாளைக்குப் பிறகு முடிவாகும் என்றும் சொன்னார்.

அந்தக் கண்ணுக்கு என்ன வேலை என்று தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். நாங்கள் செய்தது தேசிக்காய், அதாவது எலுமிச்சைச் சுவையுள்ள ஒரு சோடா. அதன் புளிப்பு தேசிக்காயிலிருந்து வருவதல்ல, மாவு மாதிரி மூட்டையில் வரும் சித்திரிக்கமிலம். அது கூடினால் பல் கூசும், குறைந்தால் சீனித் தண்ணீர். எனவே ஒவ்வொரு தொட்டியிலிருந்தும் கொஞ்சம் எடுத்து அமிலத்தை அளக்கவேண்டும். எடுத்த சோடாவோடு அதே அளவு தண்ணீரைக் குடுவையில் சேர்ப்போம். அடுப்பில் வைத்துக் கொதிக்கவிட்டு அதிலுள்ள வாயுவை ஓட்டுவோம், இல்லாவிட்டால் வாயுவும் அமிலமாகக் கணக்கில் ஏறிவிடும். ஆறியதும், காரம் மிஞ்சினால் சிவந்து காட்டும் பினோத்தலீன் சில துளி. பிறகு அளவியிலிருந்து காரக் கரைசலைத் துளித்துளியாக விடவேண்டும். காரம் அமிலத்தைத் தின்றுகொண்டே போகும். அமிலம் முழுதும் தீர்ந்த அடுத்த துளியில் குடுவை சிவக்கும். எவ்வளவு காரம் இறங்கியது என்று பார்த்தால் எவ்வளவு அமிலம் இருந்தது என்று சொல்லிவிடலாம்.

சிவக்கும் என்றால் செக்கச்சிவப்பு அல்ல. வெள்ளைச் சட்டையைச் சிவப்புத் துணியோடு தெரியாமல் ஊறப்போட்டால் ஏறுமே ஒரு நிறம், அவ்வளவுதான். அது வந்ததும் கையை நிறுத்தவேண்டும். ஒரு துளி கூடினாலும் பிழை. எனக்கு அந்த ஒரு துளி பழகிவிட்டது. இடது கையால் குழாயைத் திருகி, வலது கையால் குடுவையைச் சுழற்றி, கடைசித் துளி நுனியில் தொங்கும்போது மூச்சை அடக்கிக்கொள்வேன். அந்தச் சிவப்பு வந்து நிற்கும்போது ஒரு சந்தோசம் வரும். யாரும் பார்க்காவிட்டாலும் வரும்.

அளந்து முடித்ததும் ருசி பார்ப்போம். நான், சேர், நானா என்று நாங்கள் கூப்பிடும் பாணி அறை அண்ணன் மூவரும் ஆளுக்கு ஒரு மிடறு. கருவி சொன்னதை நாக்கும் சொன்னால்தான் தொட்டியைப் போத்தலுக்கு விடுவார்கள். சேர் ருசி பார்த்த கையோடு கேத்தலை அடுப்பில் வைப்பார். அவருக்குத் தேத்தண்ணீர் இல்லாமல் ஒரு பொழுது நகராது. கேத்தலில் மிஞ்சும் கொதித்த தண்ணீரை ஆறவிட்டு, மேசையிலிருந்த கண்ணாடிச் சாடியில் ஊற்றி வைப்போம். குடுவைக்குச் சேர்க்கும் தண்ணீர் அந்தச் சாடியிலிருந்துதான். காரக் கரைசல் செய்ய மட்டும் பெற்றோல் கடையிலிருந்து பற்றரிக்கு ஊற்றும் காய்ச்சி வடித்த தண்ணீர் வாங்குவோம், அதைக் குடுவைக்குள் வீணாக்க சேர் விடமாட்டார். இப்படித்தான் எனக்கு முன்னால் இருந்தவர்களும் செய்தார்கள். ஏன் கேத்தல் தண்ணீர் என்று யாரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

அந்த வருடம் நோன்பு நல்ல வெயில் காலத்தில் வந்தது. தலவில அன்னம்மாள் கோயில் திருவிழாவும் அதே காலத்தில். ஒரு பக்கம் நோன்பு திறக்கும் நேரத்துக்குக் குளிர்ச்சியாக ஏதாவது தேடும் எங்கள் ஆட்கள், மறு பக்கம் வெயிலில் தலவிலவுக்குப் போகும் யாத்திரைக்காரர்கள். கம்பனியில் மெஷின் ஓயவில்லை. நோன்பு தொடங்கும் முன்தினம் சேர் திருவிழாவுக்காக லீவு போட்டுக் குடும்பத்தோடு அங்கேயே தங்கப் போனார். போகும்போது, "நீங்க அளந்து சொல்லுங்க, நானா புளிப்பைச் சரி பண்ணுவார். நீங்க ரெண்டு பேரும் நோன்பு, ருசி பார்க்க ஏலாது. கருவியை நம்புங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

நம்பினேன். அளந்தேன். அமிலம் குறைவாகக் காட்டியது. நானாவிடம் சொன்னேன், அவர் தொட்டியில் சித்திரிக்கமிலம் கூட்டினார். அடுத்த தொட்டியும் குறைவு, மீண்டும் கூட்டினார். மூட்டையில் ஏதோ மட்டமான சரக்கு வந்துவிட்டது என்று இருவரும் பேசிக்கொண்டோம். எனக்கு உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. சேர் இல்லாத நேரத்தில் இவ்வளவு பெரிய குறையைக் கண்டுபிடித்துவிட்டேனே.

சேர் லீவு முடியுமுன்பே வந்தார். கையில் எங்கள் சோடாப் போத்தல். கதவருகே நின்றபடியே அதை மேசையில் வைத்தார்.

"தலவிலவில கடைக்காரன் என்னைக் கூப்பிட்டான் தங்கச்சி. உங்க கொம்பனிச் சோடாவை நீங்களே குடிச்சுப் பாருங்க எண்டான். குடிச்சேன். பல்லெல்லாம் கூசிப் போச்சு. பக்கத்தில என்ட மனிசி, மகன், மருமகள் எல்லாரும் பார்த்துக்கொண்டு நிக்கிறாங்க. எனக்கு முகத்தை எங்க வைக்கிறதெண்டு தெரியேல்ல."

"இல்ல சேர், அளந்துதான் கூட்டினோம். குறைவாத்தான் காட்டுது" என்றேன்.

"நாக்குக்குத் தெரியிறது உங்கட கண்ணுக்குத் தெரியேல்லயா?"

அவர் போத்தல்களைக் கொழும்பில் பெரிய ஆய்வுகூடம் ஒன்றுக்கு அனுப்பினார். அமிலம் இருக்கவேண்டியதைவிட மிக அதிகம் என்று பதில் வந்தது. கடைகளிலிருந்து பெட்டி பெட்டியாகத் திரும்பி வரத் தொடங்கியது. கம்பனி முதலாளி வந்து ஒரு சத்தம் போட்டுவிட்டுப் போனார். அன்றுதான் சேர் அந்த வார்த்தையைச் சொன்னார். கோபமாகச் சொல்லவில்லை, இரக்கத்தோடு சொன்னார், அதுதான் இன்னும் மோசம்.

"உங்களில பிழை சொல்லேல்ல தங்கச்சி. தண்ணி வெந்நி இல்லாம பகல் முழுக்க நிண்டா யாருக்கும் கண் மங்கும், கை நடுங்கும். நோன்பு தொடங்கின நாள்ல இருந்துதான் உங்கட கணக்குப் பிழைச்சிருக்கு, கொப்பியில நான் பார்த்திட்டேன். நோன்பு முடியுமட்டும் லேபல் மேசைக்குப் போங்க. பெருநாளைக்குப் பிறகு கொழும்பில இருந்து ஒரு பொடியனை எடுக்கலாம் எண்டு முதலாளி சொல்லுறார்."

நோன்பு தொடங்கிய நாளிலிருந்துதான் என்பது உண்மை.  எனக்கு முன்னால் அந்த அறையில் பெண்பிள்ளை யாரும் வேலை செய்ததில்லை என்பதும், எனக்குப் பின்னால் எடுக்கவும் மாட்டார்கள் என்பதும் எனக்குத் தெரிந்தது. ஒரு நோன்புக்காரியின் கண்ணை நம்பி ஏமாந்தோம் என்று இந்தக் கதை மதுரங்குளிச் சந்திவரை போகும். வீட்டுக்குப் போய் உம்மாவிடம் சொன்னேன். "அப்ப நோன்பு நாளையில மட்டும் வேற வேல பாக்கட்டும் எண்டுதானே செல்லுறாங்க மகள், அதுல என்ன வந்திச்சு?" என்றார் உம்மா. எல்லாம்தான் வந்தது என்று கத்திவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டேன்.

லேபல் மேசையில் ராத்தாமார் என்று நாங்கள் கூப்பிடும் நாலைந்து அக்காமார். பசை வாளி, ஈரத் துணி, போத்தல் வரிசை. என்னை அன்பாகத்தான் சேர்த்துக்கொண்டார்கள், பகிடியும் விட்டார்கள். "டொக்டர் புள்ள, லேபல் கோணலா இரிக்கி, அளந்து பாத்து ஒட்டுங்க" என்பார் ஒருவர். நான் சிரிக்கவில்லை. ஒட்டும் ஒவ்வொரு போத்தலையும் வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பேன். என் கண்ணுக்கு எல்லாம் நன்றாகத்தான் தெரிந்தன. தூரத்தில் களப்புக் கரையில் உப்பு அள்ளுகிறவர்களின் தலைத்துண்டு நிறம்கூடத் தெரிந்தது. மங்கிய கண்ணா இது என்று எனக்குள்ளேயே வாதாடிக்கொண்டு பசை தடவினேன்.

திரும்பி வந்த சோடாவுக்குப் பதில் சோடா அனுப்பவேண்டும் என்பதால் வேலை நீண்டது. ஒருநாள் எல்லோரும் கம்பனி முற்றத்திலேயே நோன்பு திறந்தோம். பள்ளிவாசலில் பாங்கு சொன்னதும் பேரீச்சம்பழம், பிறகு கஞ்சி. கஞ்சி குடித்து முடித்ததும் ராத்தாமாருக்குத் தேத்தண்ணீர் வேண்டும். சமையல்கட்டில் இருந்த கேத்தல் போதவில்லை. "ஒங்கட ஆய்வுகூடத்தில ஒரு கேத்தல் இரிந்திச்சே, எடுத்திட்டு வாங்க புள்ள" என்றார்கள்.

போனேன். மேசையில் கேத்தல் இல்லை. அலுமாரியின் மேல் தட்டில், பின்பக்கமாகத் தள்ளி, லீவில் போகுமுன்பே துணியால் மூடி வைத்திருந்தார் சேர். நோன்பு தொடங்கியதிலிருந்து நான் அவர் தேத்தண்ணீர் குடித்துப் பார்க்கவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. சந்தியில் திரை தொங்கவிட்ட கடைக்குள் போய்க் குடித்துவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு வருவார் போலிருக்கிறது. எங்கள் முன்னால் குடிக்கக்கூடாது என்ற மரியாதை. மனிதரில் எனக்கிருந்த கோபம் கொஞ்சம் இறங்கியது. கொஞ்சம்தான்.

கேத்தலைத் திறந்தால் உள்ளே வெள்ளை வெள்ளையாகச் சுண்ணாம்புக் காறை. எங்கள் பக்கத்துக் கிணற்றுத் தண்ணீரைக் காய்ச்சும் எந்தக் கேத்தலிலும் அது இருக்கும், வீட்டில் தேசிக்காய்ப் பாதியால் தேய்த்து எடுப்போம். நோன்பு முழுவதும் காய்ந்து கிடந்ததில் அது பொருக்குப் பொருக்காக வெடித்திருந்தது. அப்படியே தேத்தண்ணீர் போட்டால் ராத்தாமார் என்னைக் கேத்தலோடு சேர்த்துக் கழுவுவார்கள். தேசிக்காய்க்கு எங்கே போவது? பின்கதவருகே திரும்பி வந்த சோடாப் போத்தல்கள் மூடி திறந்து, கொட்டுவதற்காக அடுக்கியிருந்தன. பல்லைக் கூசவைத்த சோடாதானே, இதற்காவது உதவட்டும் என்று ஒரு போத்தலைக் கேத்தலுக்குள் கவிழ்த்தேன்.

பொங்கியது.

நான் நின்ற இடத்திலேயே நின்றுவிட்டேன். அது வாயு போன சோடா. பல நாளாகத் திறந்து கிடந்தது. போத்தலில் ஒரு குமிழிகூட இல்லை. கேத்தலுக்குள் மட்டும் சுண்ணாம்பில் பட்ட இடமெல்லாம் நுரைத்துச் சீறியது. அடங்கியதும் விரலை விட்டு நாக்கில் வைத்தேன். நோன்பு திறந்தாகிவிட்டதே, இனி நாக்கு என்னுடையது. அந்தப் போத்தலில் மிஞ்சியதையும் ஒரு சொட்டு நாக்கில் விட்டேன், பல் கூசியது. கேத்தலில் இருந்ததோ சப்பென்று சீனித் தண்ணீராக இருந்தது. சுண்ணாம்பு புளிப்பைத் தின்றுவிட்டது.

உயர்தரத்தில் படித்த பாடம் எல்லாம் ஒரே ஓட்டமாக ஓடி வந்தது. இந்தச் சுண்ணாம்பு கேத்தலுக்கு எங்கிருந்து வந்தது? தண்ணீரிலிருந்து. தண்ணீர் கொதிக்கும்போது அதில் கரைந்திருப்பது பிரிந்து கேத்தலின் அடியில் ஒட்டிக்கொள்கிறது, சாடிக்கு வருவது சுண்ணாம்பு குறைந்த தண்ணீர். கொதிக்காவிட்டால்? அது தண்ணீரிலேயே இருக்கும். நோன்பு தொடங்கிய நாள் காலையில் சாடி வெறுமையாக இருந்தது. கேத்தல் வைக்க ஆளில்லை. நான் குழாயைத் திறந்து கிணற்றுத் தண்ணீரை அப்படியே பிடித்து ஊற்றினேன். கண்ணாடிபோல் இருந்தது, அதில் எனக்கு ஒரு சந்தேகமும் வரவில்லை. அந்தத் தண்ணீர் குடுவைக்குள் போய், அடுப்பில் கொதித்து, நான் அளவியைத் திறக்குமுன்பே சோடாவின் புளிப்பில் ஒரு பங்கைத் தின்று தீர்த்திருக்கிறது. மிச்சத்தைத்தான் நான் அளந்திருக்கிறேன். மிகச் சரியாக அளந்திருக்கிறேன்.

கை நடுங்கவில்லை. கண் மங்கவில்லை. தேத்தண்ணீர் நின்றதுதான் பிழை.

கேத்தலைக் கழுவித் தேத்தண்ணீர் போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தேன். "என்ன புள்ள, மொகம் பெருநாள் மாதிரி இரிக்கி?" என்றார் ஒரு ராத்தா. அன்று நான் எதற்கும் சிரித்தேன்.

மறுநாள் காலையில் சேரின் முன்னால் போய் நின்றேன். "சேர், எனக்கு ஒரேயொரு தடவ அளக்க விடுங்க. காலையில வேணாம். அஸர் தொழுகைக்குப் பிறகு விடுங்க."

"ஏன் பின்னேரம்?"

"அப்பதான் நோன்பு கூடுதலாத் தெரியும். கை நடுங்குறதெண்டா அப்ப நல்லா நடுங்கும். நீங்களே பார்க்கலாம்."

அவர் கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார். என் குரலில் மரியாதை கொஞ்சம் குறைந்திருக்கவேண்டும். ஆனால் அவருக்கு என் மேல் இருந்தது பகை அல்ல, ஏமாற்றம். பகையாக இருந்திருந்தால் விட்டிருக்கமாட்டார். "ஹரி, பார்ப்பம்" என்று சிங்களமும் தமிழும் கலந்து ஒப்புக்கொண்டார்.

பின்னேரம் வெயில் சாயும்போது அறைக்குள் போனேன். சேர் கேட்டுக்கொண்டதால் பாணி அறை நானாவும் வந்தார். நான் முன்னேற்பாடாக மூன்று தண்ணீர் வைத்திருந்தேன்: குழாயிலிருந்து நேரே பிடித்தது, கேத்தலில் நன்றாகக் கொதித்து ஆறி அடிமண்டி கலக்காமல் மேலால் வடித்தது, பற்றரித் தண்ணீர். சோடா ஒன்றே, கொழும்பு ஆய்வுகூடம் அளந்த அதே தொட்டியின் போத்தல்.

"மூண்டு குடுவையிலயும் ஒரே சோடாவை நீங்க ஊத்துங்க சேர். தண்ணியையும் நீங்களே ஊத்துங்க. எதுல எந்தத் தண்ணியெண்டு எனக்குச் சொல்ல வேணாம். நான் வெளியில நிக்கிறன்."

வெளியே போய் நின்றேன். நாக்கு காய்ந்து அண்ணத்தில் ஒட்டியது, நோன்பாலா பயத்தாலா என்று எனக்கே தெரியவில்லை. நான் நினைத்தது பிழையாக இருந்தால் லேபல் மேசைகூட எனக்கு மிஞ்சாது. உள்ளே அடுப்பின் சத்தம் கேட்டது. குடுவைகள் கொதித்து ஆறும்வரை முற்றத்து வேப்பமரத்தைச் சுற்றினேன். பிறகு கூப்பிட்டார்கள்.

முதல் குடுவை. பினோத்தலீன் விட்டேன். குழாயைத் திருகினேன். காரம் இறங்கியது, இறங்கியது, சுழற்றினேன், கடைசித் துளியில் அந்த மெல்லிய சிவப்பு வந்து நின்றது. சேர் முகத்தை அளவிக்குக் கிட்டக் கொண்டுவந்து, நல்ல கண்ணால் அளவை வாசித்தார். அவரால் நிறம் பார்க்க முடியாது, இலக்கம் வாசிக்க முடியும். ஒரு தாளில் குறித்துக்கொண்டார்.

இரண்டாவது குடுவை. பாதி தூரம் தாண்டியதுமே ஓர் ஓரத்தில் சிவப்பு மின்னியது. கையை உடனே இறுக்கினேன். துளித்துளியாக விட்டேன். கொஞ்சத்திலேயே நின்றது. நானா "அட" என்றார்.

மூன்றாவது குடுவை முதல் குடுவை போன இடத்துக்கே மெல்ல மெல்லப் போய்ச் சேர்ந்தது. ஒரு மயிரிழை வித்தியாசம், அவ்வளவுதான்.

குடுவைகளை மேசையில் வரிசையாக வைத்துவிட்டுத் திரும்பினேன். "நடுவில இரிக்கிறதுதான் குழாய்த் தண்ணி சேர். மத்த ரெண்டும் கொதிச்ச தண்ணியும் பற்றரித் தண்ணியும். எது எதெண்டு செல்ல ஏலாது, ஏனெண்டா ரெண்டும் கிட்டத்தட்ட ஒண்டுதான்."

சேர் ஒவ்வொரு குடுவையாகத் தூக்கி, அடியில் தான் ஒட்டியிருந்த துண்டைப் பார்த்தார். பிறகு கொழும்பிலிருந்து வந்த அளவை நினைவுபடுத்திக்கொண்டு உதட்டுக்குள் சிங்களத்தில் கணக்குப் போட்டார். இரண்டு குடுவையும் கொழும்பு சொன்னதையே சொல்லின. நடுக் குடுவை, புளிப்பைக் கூட்டிய பிறகு சரியாகிவிட்டது என்று நான் குறித்திருந்த அளவையே சொன்னது. நான் கேத்தலை எடுத்து மூடியைத் திறந்து, மீண்டும் ஒட்டத் தொடங்கியிருந்த வெள்ளையைக் காட்டினேன். முழுக் கதையையும் சொன்னேன். சாடி வெறுமையாக இருந்தது, குழாயில் பிடித்தது, கேத்தல் அலுமாரிக்குப் போனது, எல்லாம்.

அவர் கதிரையில் உட்கார்ந்தார். கேத்தலைக் கையில் வாங்கி உள்ளே பார்த்தார். "அப்ப நான் உங்களுக்காகத் தேத்தண்ணியை விட்டதுதான் இவ்வளவுக்கும் காரணமா?"

"ஓம் சேர்."

முதலில் சிரித்தது நானா. பிறகு சேர் சிரித்தார், கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை, அழுகைதான் வந்தது, ஆனால் அது தோற்றவளின் அழுகை இல்லை. சேர் எழுந்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு, பாணி அறையில் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்: "நான் சொன்னது பிழை. இந்தப் பிள்ளைட கண்ணில ஒண்டும் இல்லை. கண்ணில பூ விழுந்தது எனக்குத்தான்." இன்றைக்கும் எனக்குப் போதுமான வார்த்தை அது.

மறுநாள் காலையில் சேர் வந்ததும் முதல் வேலையாகக் கேத்தலை அடுப்பில் ஏற்றினார். நோன்புக்காரர் நிறைந்த இடத்தில் கேத்தல் கொதிப்பதைக் கண்டு ஒருவர் எட்டிப் பார்த்தார். "குடிக்கிறதுக்கு இல்லை, அளக்கிறதுக்கு" என்றார் சேர். அன்றும் அவர் தேத்தண்ணீர் குடிக்கச் சந்திக்குத்தான் போனார். நான் என் மேசைக்குத் திரும்பினேன். ராத்தாமார் வாசலில் நின்று பார்த்தார்கள், ஒருவர் பசைக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு உள்ளே வந்து அளவியைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போனார். அன்று முழுவதும் தொட்டி தொட்டியாக அளந்தேன். இந்தத் தடவையும் நானா நான் சொன்ன அளவுக்கே புளிப்பைப் போட்டார்.

பின்னேரம் லொறி வந்தது. தலவிலவில் கோபித்துக்கொண்ட கடைக்காரர்களுக்கும் புத்தளம் கடைகளுக்கும் போகவேண்டிய சரக்கு. பெட்டிகள் ஏறியாகிவிட்டன. சாரதி இயந்திரத்தை முடுக்கினார். சேர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"ருசி பார்க்காம போகாது."

"அப்ப பாருங்களன் சேர், நேரம் போகுது."

"நான் பார்க்கிறேல்ல. இந்த முறை அவதான் பார்க்கோணும்."

சாரதி வானத்தைப் பார்த்தார். பாங்குக்கு இன்னும் நேரம் இருந்தது. முணுமுணுத்துக்கொண்டு இயந்திரத்தை நிறுத்திவிட்டு இறங்கினார். சேரும் ருசி பார்க்கவில்லை, தண்ணீர்கூடக் குடிக்கவில்லை, வேப்பமரத்தடியில் கதிரை போட்டு உட்கார்ந்துவிட்டார். முதலாளியின் வாகனம் வந்தது, ஏன் லொறி நிற்கிறது என்று அவர் கேட்டார், சேர் ஏதோ சொன்னார், முதலாளி என்னைப் பார்த்துவிட்டுத் தானும் நின்றார். கொழும்புப் பொடியனைப் பற்றிய பேச்சு அதற்குப் பிறகு அந்தக் கம்பனியில் எழவில்லை. ஒரு லொறி நிறையச் சோடாவும், அதன் சாரதியும், முதலாளியும், வெண்படலம் விழுந்த என் சேரும் நான் நோன்பு திறக்கும்வரை காத்து நின்றார்கள்.

பாங்கு சொன்னது. பேரீச்சம்பழத்தால் நோன்பு திறந்தேன், ஒரு மிடறு தண்ணீர் குடித்தேன். சேர் போத்தலைத் திறந்து ஒரு கோப்பையில் ஊற்றித் தந்தார். எல்லோரும் என் வாயைப் பார்த்தார்கள். நான் அவசரப்படவில்லை. நாக்கில் வைத்தேன், விழுங்கினேன், இன்னொரு மிடறு எடுத்தேன்.

"சரியா இரிக்கி சேர்" என்றேன். "அனுப்புங்க."